முதலில் நம் நாக்குக்குப் பத்தியம்

“யானை வந்து வேளாண்மையைத் தின்கிற ஊர் இது. இங்கே சாப்பிட மாட்டேன் என்று ஒரு நோயா?”

வில்கமுவவுக்கு என்னுடன் வந்திருந்த நண்பர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், இப்படிக் கேட்டுச் சிரித்தார். மாத்தளையிலிருந்து வந்து அங்கு உளவளத்துணைப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம் கேட்ட கேள்வி அது. அவள் சிரிக்கவில்லை. “வாறாங்க சேர்” என்றாள். யார், எவர் என்று சொல்லவில்லை. சொல்லாதிருப்பது அத்தொழிலின் முதற்பாடம்.

நண்பரின் சிரிப்பு எமது சமூகத்தின் சிரிப்பு. ஆகவே அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது.

இது பணக்கார வெள்ளையரின் நோய் என்போர் பிஜித் தீவைப் பார்க்கட்டும். நல்ல உடம்பை நல்வாழ்வின் அடையாளமாகக் கொண்ட நாடு அது. அதன் நந்ரோகா மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவியரை அவ்வாண்டிலும் 1998இலும் ஆராய்ந்தார். உடல் மெலிவதற்காக வலிந்து வாந்தியெடுத்தவர்கள் முதல் ஆய்வில் ஒருவருமில்லை. மூன்றே ஆண்டுகளில் அது 11.3 சதவீதம். பிஜிக் கிராமத்துக்குத் தொலைக்காட்சி செய்ததை வில்கமுவவின் கைத்தொலைபேசி செய்யாதா?

“2022இல் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டி, சனம் ஒருவேளை உண்டு கிடந்த நாட்டில் இதுவா பிரச்சினை?” என்றும் நண்பர் கேட்டார். நியாயமான கோபம், தவறான முடிவு. வறுமை ஒரு பிள்ளையின் சோற்றைப் பறிப்பது அநீதி என்றால், வெட்கம் பறிப்பதும் அநீதியே.

அப்பெண்ணின் அணுகுமுறையை விசாரித்தேன். வருபவரை முதலில் வைத்தியரிடம் அனுப்புகிறாள். மனநோய்களுள் உயிரிழப்பு மிக அதிகமானவற்றில் இதுவும் ஒன்று. இதயத் துடிப்பையும் குருதியின் உப்புகளையும் பார்க்காமல் வெறும் பேச்சால் ஆகாது. அடுத்து, நேரத்துக்கு உணவு, வீட்டாருடன். பட்டினி கிடக்கும் மூளையோடு வாதிட முடியாது என்கிறாள். 1944-45இல் மினசோட்டாவில் அன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து நடத்திய பட்டினிச் சோதனையும் அதையே காட்டியது. அவர்கள் நாள் முழுதும் உணவையே நினைத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், தனிமையில் ஒதுங்கினார்கள்.

மூன்றாவது படிதான் என்னை நிறுத்தியது. அவள் வீட்டாரை அழைத்து ஒன்றே ஒன்று கேட்கிறாள்: வீட்டில் எவருடைய உடம்பைப் பற்றியும் பேசாதீர்கள். பழிக்கவும் வேண்டாம், புகழவும் வேண்டாம்.

“புகழ்வதுமா குற்றம்?” என்றார் நண்பர்.

“நோயால மெலிஞ்ச பிள்ளைய வடிவாயிட்டேன்னு சொன்னா, நோயத்தானே சேர் பாராட்டுறோம்?”

நண்பரிடம் பதிலில்லை. என்னிடமும் இல்லை. தொண்ணூறுகளில் நான் பொறுப்பாயிருந்த மகளிர் பக்கத்தில் “பதினைந்தே நாளில் கொடியிடை” என்ற தலைப்பை இட்டவன் நான். எவரும் கேட்டு எழுதவில்லை. பக்கம் நிரம்ப வேண்டியிருந்தது. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்ட சிறுமி எத்தனை பேர் என்று அன்று நான் நினைக்கவேயில்லை.

கலியாண வீட்டு வாசலில் நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? “என்ன, உடம்பு வைச்சிட்டுது?” அல்லது “என்ன, இப்படிக் காய்ஞ்சு போனாய்?” கொழும்பிலும் ரொறன்ரோவிலும் அதே கேள்விதான். கடல் தாண்டியும் நாம் கைவிடாத மரபுகளில் இதுவுமொன்று. அன்பினால் கேட்கிறோம் என்போம். அந்த அன்பை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை இரவில் கண்ணாடிக்கு முன்னால் தனியே நின்று செரிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையின் தட்டைத் திருத்தப் பலர் இருக்கிறார்கள். பெரியவர்களின் நாக்கைத் திருத்த வில்கமுவவில் பயிற்சியிலிருக்கும் ஒரு பெண் முயல்கிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அடுத்த முறை ஒரு பிள்ளையைக் கண்டால் என்ன வாசிக்கிறாய், யாரோடு விளையாடுகிறாய் என்று கேளுங்கள். பிள்ளை உண்ண மறுத்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்; இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கிறது.

அந்தத் தலைப்பை என்னால் இனித் திரும்பப் பெற முடியாது. இதையாவது எழுத முடிகிறது.