கேட்ட கடையைக் காட்டுங்கள்!



மீன்பிடிப் பருவத்தில் ஒரு நாள் காலை. மூதூரிலிருந்து ஒரு மீனவர் என் கடைக்கு வந்தார். கையில் உடைந்த இம்பெல்லர் ஒன்று. "நானா, இதே மாதிரி ஒன்று வேணும். எஞ்சின் சுடுகுது. போட்டை இறக்க ஏலாமக் கிடக்கு" என்றார்.

என்னிடம் அந்த அளவு இல்லை. கொழும்பில் சொல்லி எடுப்பிப்பதென்றால் பாகத்தின் இலக்கம் சரியாகத் தெரிய வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் லொறியில் வந்து இறங்குவது வேறு சாமானாக இருக்கும். எஞ்சின் செய்த வெளிநாட்டுக் கம்பனியின் இணையத்தளத்தில் ஒவ்வொரு மொடலுக்கும் பாகங்களின் படமும் இலக்கமும் உண்டு. முன்னர் பார்த்திருக்கிறேன். முகவரியை அடித்தேன். பக்கம் திறந்த கையோடு தானாகவே இன்னொரு பக்கத்துக்குத் தாவியது. அது இலங்கைக்கான பக்கமாம். நான்கு விளம்பரப் படங்களும் கொழும்பில் ஒரு தொலைபேசி இலக்கமும்தான் அங்கே இருந்தன. பாகங்களின் பட்டியல் இல்லை. திரும்ப அடித்தேன். திரும்பவும் அதே பக்கம்.

கடைசியில் டோஹாவில் இருக்கும் மச்சானுக்கு அழைப்பெடுத்தேன். அவர் அதே முகவரியை அங்கே அடித்தார். பட்டியல் திறந்தது. படம் பிடித்து அனுப்பினார். அதற்குள் அந்த மீனவருக்கு இரண்டு நாள் தொழில் போய்விட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதை நம்மவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் இணையத்தில் நுழையும்போது நமது இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்றொரு இலக்கம் கிடைக்கிறது. எந்த இலக்கத் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்குப் பதிவேடுகள் உண்டு. அதைப் பார்த்து "இவர் இலங்கையர்" என்று தளம் முடிவு கட்டிவிடுகிறது. நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஊரைச் சொல்வதில்தான் தடுமாறும். உட்துறைமுக வீதியில் கடை வைத்திருப்பவரைக் கொழும்பில் இருப்பவராகக் காட்டுவது சர்வசாதாரணம். ஆனால் நாம் யார், என்ன மொழி வாசிப்போம், என்ன தேடி வந்தோம் என்று அந்த இலக்கத்துக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பழக்கத்துக்கு எல்லோரும் அறிந்த உதாரணம் கூகுள். நாம் டொட் கொம் என்று அடித்தால் நீண்ட காலமாக டொட் எல்.கே. பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. விஷயம் தெரிந்தவர்கள் முகவரியின் பின்னால் என்.சி.ஆர். என்று மூன்று எழுத்தைச் சேர்த்துத் தப்பிக்கொண்டார்கள். 2017 ஒக்டோபரில் அந்த நிறுவனம் முறையை மாற்றியது. எந்த முகவரியை அடித்தாலும் நீங்கள் இருக்கும் இடத்தை வைத்தே விடைகள் வரும் என்றது. 2025 ஏப்ரலில், நாட்டுக்கு நாடு தனி முகவரி இனித் தேவையில்லை, எல்லோரையும் டொட் கொம்முக்கே திருப்பப்போகிறோம் என்று அறிவித்தது. வாசல் ஒன்றாகிவிட்டது. உள்ளே ஆளைப் பார்த்துச் சாமான் காட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கூகுளின் இலங்கைப் பக்கத்தில் சிங்களம், தமிழ் இரண்டும் தெரிவாக இருந்தன. எல்லாத் தளங்களும் அப்படியல்ல. இலங்கை என்றால் சிங்களம் என்று முடிவுசெய்து அந்த மொழியிலேயே திறக்கும் தளங்கள் உண்டு. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதியது. அதை எங்கோ இருந்து தளம் கட்டுபவர் அறியமாட்டார். சரி, தமிழைத் தெரிவு செய்வோம் என்று பார்த்தால் அடுத்த கூத்து தொடங்குகிறது. தமிழ் என்றதும் சில தளங்கள் நம்மை இந்தியாவுக்கு அனுப்பிவிடுகின்றன. விலையும் இந்திய ரூபாவில் வருகிறது.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. ஓர் இந்திய ரூபாவுக்கு மூன்றுக்கும் மேற்பட்ட இலங்கை ரூபா கொடுக்க வேண்டியிருக்கிறது. "ரூ. 4,000" என்று கண்டு நம்முடைய நாலாயிரம் என்று கணக்குப் போட்டு வாடிக்கையாளருக்கு விலை சொன்னவரின் கதி என்ன? சொன்ன வாக்கைக் காப்பாற்றினால் கைநட்டம். விலையை மாற்றினால் பெயர் கெட்டுவிடும். சிறு வியாபாரிக்கு இரண்டுமே தாங்காத அடி.

மறுபக்கத்தையும் பார்ப்போம். நாட்டுக்கொரு பக்கம் வைப்பதே பிழை என்று நான் சொல்லவரவில்லை. இங்கே கிடைக்கும் மொடல் எது, உத்தரவாதம் செல்லுமா, வரி எவ்வளவு, யார் முகவர் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அவற்றை ஒரே பக்கத்தில் காட்டுவது நல்ல உதவி. என் முறைப்பாடு ஒன்றுதான்: கேட்காமல் தள்ளாதீர்கள். "நீங்கள் இலங்கையில் இருப்பதாகத் தெரிகிறது, இலங்கைப் பக்கம் வேண்டுமா?" என்று ஒரு வரி கேட்டால் போதும். வேண்டாம் என்றால் வந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பதிலை அடுத்த முறைக்கும் நினைவில் வைக்க வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2018/302 இலக்க ஒழுங்குவிதி 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் எந்த நாட்டவர், எங்கே வசிக்கிறார் என்பதை வைத்து அவரை வேறு பக்கத்துக்குத் திருப்பக்கூடாது. திருப்புவதானால் அவருடைய வெளிப்படையான சம்மதம் வேண்டும். சம்மதித்த பிறகும் முதலில் கேட்ட பக்கத்துக்கு இலகுவாகத் திரும்ப வழி இருக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் சாமான் அனுப்பியே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் வற்புறுத்தவில்லை. வாசலில் ஆளைத் தடுக்காதே என்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாதுகாப்பு ஐரோப்பியருக்கு உண்டு, நமக்கு இல்லை.

நம் நாட்டிலே 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கடைக்காரர் விலைகளை எல்லோர் கண்ணிலும் படும்படி காட்சிக்கு வைக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள், தவறினால் வழக்கு. திருமலைப் பிரதான வீதியில் அரிசி விற்பவருக்கு ஒரு நியாயம், திரையில் ஆளுக்கொரு பக்கம் காட்டி விற்பவருக்கு இன்னொரு நியாயமா? நமது வர்த்தக சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். ஐரோப்பிய விதியைப் போன்ற ஒரு விதியை இங்கேயும் கோரலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. பக்கத்தின் அடியிலோ மேல் மூலையிலோ நாட்டின் பெயர் அல்லது உலக உருண்டைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டை மாற்றும் வழி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிரவுசரில் உங்கள் மொழியைப் பதிந்து வையுங்கள். விலையைக் கண்டால் எல்.கே.ஆர். என்றிருக்கிறதா, ஐ.என்.ஆர். என்றிருக்கிறதா என்று பார்க்காமல் எவருக்கும் விலை சொல்லாதீர்கள். காட் இலக்கத்தைக் கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தில் இன்னொரு தடவை பாருங்கள். தேவையான இலக்கங்களைக் கண்டபோதே அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கடைசியாக நமக்கும் ஒரு சொல். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களும் நகரில் கடை நடத்துபவர்களும் சொந்தத் தளம் வைத்திருக்கிறார்கள். கட்டித்தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: வருபவர் எங்கிருந்து வந்தாலும் அவர் கேட்ட பக்கமே திறக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் மேலே தெரிய வேண்டும். விலையின் பக்கத்தில் எந்த நாட்டுக் காசு என்று எழுத வேண்டும். பிறர் செய்வதை நாம் குறை சொல்லிவிட்டு, நம் வாசலில் அதையே செய்யக்கூடாது.

கடைக்கு வந்தவரை "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பது உபசாரம். ஊரைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊராருக்கு அந்தப் பக்கத்து அலுமாரி மட்டும்தான்" என்றால், அந்த வாடிக்கையாளர் நாளைக்கு நம் கடைக்கு வருவாரா?