தேடுகருவி இணைப்பும் தமிழ்ப் பதிப்புச் சான்றும்: இராயப்பேட்டைத் திரு.வி.க. நூல்களை முன்வைத்து

பயிற்சியில் பெற்றதை மட்டும் கொண்டு விடை கூறிய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இன்று புறத்தேயுள்ள தேடுபொறிகளையும் தரவுத்தளங்களையும் அணுகிச் சான்று திரட்டுகின்றன. இவ்வகை இணைப்புக்கெனப் பொது நெறிமுறையொன்றும் 2024 நவம்பரில் வெளியாயிற்று. இணைத்துவிட்டாலே பிழை நீங்கும் என்னும் நம்பிக்கை தமிழைப் பொறுத்தவரை பாதி உண்மையே.

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராக இருந்தவர் திரு.வி.க. 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களின் ஆசிரியர். அவர்தம் நூல்கள் பல இராயப்பேட்டைச் சாது அச்சுக்கூடத்தில் அச்சானவை. அவரைப் பற்றி வினவினால் கருவி எப்பெயரைத் தேடும்? திரு.வி.க., கலியாணசுந்தர முதலியார், கலியாணசுந்தரனார், கல்யாணசுந்தரம் எனப் பெயர் வடிவங்கள் பல. ஊர்ப்பெயரும் இராயப்பேட்டை, ராயப்பேட்டை என இருவகையாக எழுதப்படுகிறது. தன்வரலாற்று நூலின் பெயர் 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' (1944). இன்றைய வழக்கின்படி 'குறிப்புகள்' என்று தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி நூற்பெயரையே தவறவிடும். ஓர் ஒற்று செய்யும் வேலை அது. பொருளொப்புமையால் தேடும் புதிய முறை இவ்விடரைக் குறைக்கும் என்பர். குறைக்கும்தான், ஆயினும் மூலநூல் இருக்க வேண்டிய இடத்தில் அதனை ஒத்த பிறர் கட்டுரை வந்து நிற்கவும் அதில் இடமுண்டு.

1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சு நூல்களில் றா, னா, லை, ளை முதலியன பழைய வடிவில் உள்ளன. படிமமாக மட்டும் கிடைக்கும் நூல் சொல்தேடலுக்கு எட்டாது. எழுத்துணரி பெயர்த்து, மெய்ப்புப் பார்க்கப்படாத பனுவலோ அதனினும் இடர் மிக்கது. அதிலுள்ள பிழை சான்றாகவே மேற்கோளாகிவிடும்.

இவற்றினும் நுட்பமான சிக்கல் ஒன்று பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர் உழைப்பால் மின்பனுவல்களை வழங்கி வருகிறது. தட்டெழுதியோர், மெய்ப்புப் பார்த்தோர் பற்றிய குறிப்புகள் கோப்பின் தொடக்கத்தில் தரப்படுகின்றன. இணைப்புக் கருவிகளோ பெரும்பாலும் பனுவலைச் சிறு பகுதிகளாகப் பிரித்தே சேமிக்கின்றன. இடைப்பகுதியொன்று விடைக்காக எடுக்கப்படும்போது முகப்பிலுள்ள குறிப்பு பின்தங்கிவிடுகிறது. உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பில் தந்த பாடவேறுபாடும் அவ்வாறே தன் செய்யுளைப் பிரிந்துவிடலாம். பல சுவடிகளை ஒப்பிட்டு அவர் ஐயத்துடன் கொண்ட பாடம், ஐயம் நீங்கிய ஒற்றைப் பாடமாகப் பயனரைச் சேர்கிறது. சுவடிப் பதிப்பில் நூறாண்டுக்கு மேல் பேணப்பட்ட ஒழுக்கம் இங்கே ஓசையின்றி நழுவுகிறது.

இதனைப் பொறியாளர்களின் குறை என்று ஒதுக்குவது முறையன்று. எந்தப் பெயர் வடிவங்கள் ஒருவரையே குறிக்கின்றன, எந்தப் பதிப்பு திருத்தம் பெற்றது, எந்த அடிக்குறிப்பு எந்த அடிக்கு உரியது என்பவற்றை முடிவுசெய்யும் பயிற்சி தமிழ்த்துறைகளிடமே உண்டு. பெயர் வடிவ அடைவும், பகுதிதோறும் பதிப்பு, ஆண்டு, பக்கம் பொறித்த பனுவலும் அத்துறைகள் ஆக்கித்தர வேண்டியவை. ஓர் ஆசிரியரிலிருந்து தொடங்கலாம். 1953இல் மறைந்த திரு.வி.க.வின் வாழ்நாளில் வெளிவந்த நூல்களுக்குப் பதிப்புரிமைத் தடை இன்றில்லை. முதற்பதிப்புகளையும் மறுபதிப்புகளையும் ஒப்பிடும் பணியை முதுகலை மாணவர்களின் திட்டக் கட்டுரைகளாகவே பகிர்ந்தளிக்க இயலும்.