நிபுணருக்குப் படியளப்பவர் யார்?

புது மருந்தைப் பற்றியோ புது யந்திரத்தைப் பற்றியோ பத்திரிகையிலே வியாசம் வெளிவந்தால், "நிபுணர் கூறுகிறார்" என்ற வரி அதிலே தவறாமல் காணப்படும். அவ்வரியைக் கண்டவுடன் கிள்ளானிலே கடை வைத்திருப்பவரும், பிரிக்பீல்ட்ஸிலே உத்தியோகம் பார்ப்பவரும், தோட்டத்துப் பெரட்டுக்குப் போகிறவரும் ஒன்றுபோல வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த நிபுணருக்குப் படியளப்பவர் யார் என்று கேட்பாரில்லை. நாம் கேட்கின்றோம்.

வெகுதூரம் போகவேண்டுவதில்லை, நமது செம்பனையே சாட்சி. லண்டனிலிருந்த எப்.பி.சி. என்னும் கம்பெனி, மலேசிய அரசாங்கத்தின் புகழைப் பரப்புவதற்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுன் கூலி பேசிக்கொண்டு, அதே காலத்தில் பி.பி.சி.க்கு மலேசியாவைப் பற்றி 8 நிகழ்ச்சிகளும் தயாரித்துக் கொடுத்தது. செம்பனைத் தொழிலின் பெருமையும் அவற்றில் பேசப்பட்டது. 2011இல் இது அம்பலமாயிற்று. 2012 பிப்ரவரியில் பி.பி.சி. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதுவரையில் பார்த்தவர்கள் அதைச் செய்தி என்றே நம்பியிருந்தார்கள்.

இதனினும் கொடியது பாராகுவாட் கதை. 'கிராமக்சோன்' என்ற பெயரிலே தோட்டங்களுக்கு வந்த இக்களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது. மருந்துப் பம்பை முதுகிலே சுமந்து அதை அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். நகம் கெட்டது, மூக்கிலே இரத்தம் வந்தது, கண் எரிந்தது. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் நிறுவிய தெனாகனிதா சங்கம் 2002இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டே அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தது. 2006இல் அத்தடையைத் தானே தளர்த்திற்று. முற்றிலும் தடை செய்தது 2020 ஜனவரி 1இல். அதை விற்ற சிஞ்செண்டா கம்பெனியின் தலைமை நிலையமுள்ள சுவிட்சர்லாந்திலோ 1989 முதலே அது தடை! வெள்ளைக்காரன் வயலுக்கு ஆகாத விஷம் நம் பெண்கள் கைக்கு ஆகுமோ?

"முறைப்படி உபயோகித்தால் அபாயமில்லை" என்று இவ்வளவு காலமும் ஓதியவர்கள் யார்? 'பாராகுவாட் தகவல் நிலையம்' என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் ஏதோ சர்வகலாசாலையின் கிளை என்று தோன்றும். நடத்தியது அதே சிஞ்செண்டா. (முறைப்படியாம்! நண்பகல் வெயிலிலே கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஒரு நிரை மருந்தடித்துக் காட்ட அந்நிபுணர்கள் வரட்டுமே.) கம்பெனிக்குள்ளே மனச்சாட்சியுள்ளவர் இல்லாமலுமில்லை. சிஞ்செண்டாவுக்கு முன்னோடியான ஐ.சி.ஐ.யின் விஞ்ஞானி ஜான் ஹேலிங்ஸ், விழுங்கியவர் வாந்தியெடுத்துப் பிழைக்கும்பொருட்டுச் சேர்க்கப்பட்ட சரக்கின் அளவு போதாதென்று 1990இலேயே எழுதி வைத்தார். அது உலகத்துக்குத் தெரிந்தது 2021இல். அவர் கூற்றைக் கம்பெனி மறுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

சம்பளம் வாங்குபவரெல்லாம் பொய்யரா என்று சில அன்பர்கள் சீறலாம். அப்படி நாம் சொல்லவில்லை. ஆனால், மருந்தடித்த பெண் "நெஞ்சு எரிகிறது" என்றால், "நஷ்டஈட்டுக்காகச் சொல்லுகிறாள்" என்று அவளுடைய ஆதாயத்தைக் கணத்திலே மோப்பம் பிடிக்கிற புத்தி, நிபுணர் வாய் திறக்கும்போது மட்டும் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

நிபுணரின் பெயருக்கருகில், அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், எவர் பணத்தில் ஆராய்ச்சி செய்கிறார், எந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறார் என்று ஒரு வரி அச்சிடப்படட்டும். நம் பக்கம் பேசும் சங்கத்து நிபுணருக்கும் இதே விதிதான். சைபர்ஜெயாவின் தரவு நிலையங்களையும் செயற்கை நுண்ணறிவையும் போற்றி எழுதப்படும் வியாசங்களுக்கும், கம்பெனிச் செலவிலே விமானம் ஏறிப் போய்ப் புதுக் கைப்பேசியைப் பார்த்து எழுதும் நிருபர்களுக்கும் இதுவே. பத்திரிகையிலே அவ்வளவுக்கு இடமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்களாயின், அதே பக்கத்தில் அக்கம்பெனியின் விளம்பரத்துக்குக் கிடைத்திருக்கும் இடத்தில் ஒரு வரியைக் குறைத்துக்கொள்ளட்டும்.