இல்லமும் நலமும்: மறைத்து வைக்கத் தகாத ஒரு நோய்

ஊரை விட்டு வந்து டில்லியில் குடியேறிய நம் குடும்பங்களில், பெண்மக்களின் உடல்நலம் பற்றிய செய்தி பெரும்பாலும் அடுக்களையைக் கடந்து வெளியே வருவதில்லை. ஊரிலாயின் பாட்டியோ அத்தையோ அருகிருந்து விசாரிப்பர். இங்கோ தாய்க்கு இந்தி சரளமாக வராது. தந்தையிடம் சொல்ல மகளுக்கு நாணம். மருத்துவமனை வரிசையில் நின்று, அயலார் காதுபட, மூன்று மாதமாய் மாதவிலக்கு இல்லை என்று அரைகுறை இந்தியில் சொல்ல எவருக்குத்தான் மனம் வரும்? இத்திங்கள் அத்தகைய ஒரு நோயைப் பற்றியும், அதற்கு இப்பொழுது வாய்த்துள்ள ஒரு வசதியைப் பற்றியும் எழுத விழைகிறேன். நான் மருத்துவன் அல்லேன், ரயில்வே குமாஸ்தா. படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையே சொல்லுகிறேன்.

பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவர் குறிப்பிடும் இந்நோயை 1935ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர் விவரித்து எழுதினர். நம்மவர் இதனைக் 'கருப்பைக் கட்டி' என்று சொல்லி அஞ்சுகின்றனர். இது கருப்பையில் உள்ளதும் அன்று, கட்டியும் அன்று. சினைப்பையில் முதிர்ந்து வெளிப்பட வேண்டிய முட்டைகள் முதிராமல், சிறு நீர்க்குமிழிகள் போலத் தங்கிவிடுகின்றன. அவ்வளவே. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. அவருள் பெரும்பாலோர் தமக்கு இருப்பதையே அறியார்.

உடம்பில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, உடல் அதனை மேலும் மேலும் சுரக்கிறது. அம்மிகை சினைப்பையைத் தூண்டி, ஆண்தன்மையுள்ள ஹார்மோனைப் பெருக்குகிறது. அதனால் மாதவிலக்குத் தவறும், முகப்பருவும், மேலுதட்டிலும் தாடையிலும் ரோமமும் தோன்றும், தலைமயிர் உதிரும், சிலருக்குப் பிடரி கறுக்கும். பரம்பரையும் ஒரு காரணம். உடல் பருத்தவர்க்கே வரும் என்பது பிழை, மெலிந்தவர்க்கும் வரும்.

2003ஆம் ஆண்டில் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் இதனை அறியும் முறையை வகுத்தனர். விலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் குமிழிகள் ஆகிய மூன்றில் இரண்டு இருத்தல் வேண்டும். தைராய்டு முதலிய பிற கோளாறுகள் இல்லையென்றும் தெளிய வேண்டும். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் நிறையாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்தல் ஆகாது; அவ்வயதில் குமிழிகள் தென்படுவது இயல்பே.

நிற்க. இந்திய அரசு 2020 மார்ச்சு 25 அன்று தொலைமருத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. பதிவுபெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் தொலைபேசி, வீடியோ வாயிலாக ஆலோசனை கூறலாம் என்பது அதன் விதி. ஆகவே மதுரையிலிருக்கும் தமிழ் மருத்துவர் ராமகிருஷ்ணாபுரத்துக் குடும்பத்துக்கு மருந்து எழுதித் தருதல் சட்டத்துக்கு உட்பட்டதே. இதுவன்றி, 2019இல் தொடங்கிய அரசின் 'இ-சஞ்சீவனி' சேவையும் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. 2023ஆம் ஆண்டிலேயே அது பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்துவிட்டது.

கரோல்பாக்கில் வசிக்கும் என் நண்பர் ஒருவருடைய மகளுக்கு வயது 22. ஆண்டுக்கு நான்கைந்து முறையே விலக்கு வரும். "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தாயார் மூடி வைத்திருந்தார். என் மனைவி வற்புறுத்தியதன்மேல், தமிழ்நாட்டிலுள்ள பெண் மருத்துவர் ஒருவரோடு வீடியோவில் பேச ஏற்பாடாயிற்று. அப்பெண் தாயை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் தன் தாய்மொழியில் மனம்விட்டுப் பேசினாள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரத்த அழுத்தம் ஆகியவை டில்லியிலேயே எடுக்கப்பட்டு அனுப்பப்பட்டன. சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது தெரியவந்தது. மாத்திரையும், உணவு ஒழுங்கும், நடையும் விதிக்கப்பட்டன. எட்டு மாதத்தில் விலக்கு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. இடையில் ஒரு சம்பந்தம் இதனை அறிந்து பின்வாங்கியது. பெற்றோர் வருந்தினர். "மறைத்துக் கட்டிக்கொடுத்திருந்தால் வாழ்நாளெல்லாம் அஞ்ச வேண்டியிருக்குமே" என்றாள் மகள்.

இந்நோயை முற்றும் ஒழிக்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கலாம். உடல் பருத்தவர் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே நற்பயன் காண்பதுண்டு. அதற்காகப் பட்டினி கிடத்தல் வேண்டா. சோற்றைக் குறைத்துப் பருப்பும் காய்கறியும் கூட்டுக. இனிப்பும் சமோசாவும் விசேஷ நாளுக்கென்று நிற்கட்டும். வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும். பனிக்காலத்தில் விடியற்காலை மூடுபனிக்கு அஞ்சுவோர் வெயில் ஏறியபின் நடக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வாராதிருப்பின் கருப்பையின் உட்சவ்வு தடித்துக் கேடு விளையக்கூடும். அப்போது மருத்துவரைக் காணாது இருத்தல் தகாது. நீரிழிவுச் சோதனையையும் அவர் சொல்லும் காலத்தில் செய்க. பிள்ளைப்பேறு இல்லையென்று மனம் தளர வேண்டா, முட்டை முதிரச் செய்யும் மருந்துகள் உள்ளன, தாயானவர் பலர்.

அண்டை வீட்டார் உண்ணும் மாத்திரையை வாங்கி உண்ணாதீர். விலக்கை ஒழுங்காக்கத் தரும் ஹார்மோன் மாத்திரை, இரத்த அழுத்தம் மிக்கவர்க்கும், முன்பு இரத்தம் உறைந்தவர்க்கும், சிலவகை ஒற்றைத் தலைவலியுடையார்க்கும் தீங்கு செய்யும்.

தொலைமருத்துவத்துக்கு அமரும் முன், ஓராண்டு விலக்கு நாள்களை எழுதி வைத்துக்கொள்க. பழைய சோதனைத் தாள்களையும், உண்ணும் மருந்துகளின் பெயரையும் கையில் கொள்க. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் உளதா என்று பார்க்க. சிறுமியாயின் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மிகுதியான இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, கருவுற்றிருக்கலாம் என்னும் ஐயம் ஆகியவற்றுக்குத் தொலைபேசி போதாது. உடனே மருத்துவமனைக்குச் செல்க. இந்நோயுடையார்க்கு மனச்சோர்வு மிகுதி. அதற்கு 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் பேசலாம்.

தந்தைமார்க்கு ஒரு வேண்டுகோள். மகளின் காய்ச்சலுக்கு எவ்வளவு கவலையோடு மருத்துவரைத் தேடுவோமோ, அவ்வளவு கவலையோடு இதற்கும் தேடுதல் வேண்டும். இவ்விதழை மடித்து வைக்குமுன் இல்லத்தாரிடம் இதனைப் படிக்கக் கொடுங்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேளுங்கள்.