பள்ளிக்குள் கஞ்சாவா? படித்துவிட்டுப் பேசுங்கள்!



சென்ற வாரம் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழுந்தது. "கலிபோர்னியாவில் பள்ளிக்குள்ளேயே பிள்ளைகளுக்குக் கஞ்சா கொடுக்கலாமாம். உருப்படுமா அந்த ஊர்?" என்றார் நண்பர் ஒருவர். எல்லாரும் தலையாட்டினர். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அச்சட்டத்தைத் தேடிப் படித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அதன் பெயர் ஜோஜோ சட்டம். கடுமையான வலிப்பு நோய் கொண்ட ஒரு பள்ளி மாணவனின் பெயரைத் தாங்கியது. மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று கலிபோர்னியா மக்கள் 1996ஆம் ஆண்டிலேயே வாக்களித்து முடிவு செய்துவிட்டனர். ஆனால், அந்த நோயாளி மாணவனாக இருந்தால்? மருந்து வளாகத்துக்குள் வரக்கூடாது. பெற்றோர் வந்து பிள்ளையை வெளியே அழைத்துப்போய்க் கொடுத்து, மீண்டும் கொண்டுவந்து விடவேண்டும். இதை மாற்ற முனைந்த சட்ட முன்வரைவுக்கு 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒப்பமளிக்க மறுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் புதிய ஆளுநர் கேவின் நியூசம் ஒப்பமிட, 2020 சனவரியில் அது நடப்புக்கு வந்தது.

கூக்குரலிடுவோர் இதன் விதிகளைப் படித்ததுண்டா? புகைத்தலும் ஆவியாக உறிஞ்சுதலும் கூடாது. எண்ணெய், மாத்திரை போன்ற வடிவங்களுக்கே இடம். மருத்துவரின் எழுத்துப் பரிந்துரை நகலை முன்னரே பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். பெற்றோர் நேரில் வந்து, கையெழுத்திட்டு, தம் கையாலேயே கொடுக்கவேண்டும். எஞ்சியதைக் கையோடு எடுத்துச் சென்றுவிட வேண்டும். இதில் போதை எங்கே ஐயா வருகிறது? நம் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் சாயத் தண்ணீருக்குக்கூட இத்தனைக் கட்டுக்காவல் இல்லை!

வளரும் மூளைக்குக் கஞ்சா கேடு என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால், திருட்டுத்தனமாகப் புகைக்கும் இளைஞனும் வலிப்பில் துடிக்கும் குழந்தையும் ஒன்றா? கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத கன்னபிடியோல் மருந்தான எபிடியோலெக்சை, குழந்தைகளைத் தாக்கும் இரு கொடிய வலிப்பு நோய்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே 2018இல் ஏற்றுக்கொண்டது. மற்ற கஞ்சா எண்ணெய்களுக்கு அந்த அளவு சான்று இல்லை, உண்மைதான். அதை எடைபோட வேண்டியவர் மருத்துவர்; பள்ளிக் காவலர் அல்லர்.

சட்டம் போதவில்லை என்பதே என் குறை. இது எந்தப் பள்ளியையும் கட்டாயப்படுத்தவில்லை. வட்டாரக் கல்வி வாரியம் விரும்பினால் இசைவளிக்கலாம். விரும்பாவிட்டால் வாளா இருக்கலாம். இசைவளித்த பின்னும் எக்காரணம் கொண்டும் மீட்டுக்கொள்ளலாம். கூட்டரசு நிதி பறிபோகுமோ என்ற அச்சமே போதுமான காரணம் எனச் சட்டமே சொல்கிறது. ஒரே மாநிலம், ஒரே நோய், ஒரே மருந்து. ஆனால், வீடு எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பிள்ளையின் படிப்பு!

அதனினும் கொடியது, பெற்றோரே ஒவ்வொரு முறையும் வரவேண்டும் என்பது. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் வலிப்பு நோயுள்ள சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடையது எங்கும் கிடைக்கும் வழக்கமான மாத்திரைதான். தாயார் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர். "பகல் மாத்திரையை மட்டும் கொடுக்க முடியுமா சார்?" என்று கேட்டார். பொறுப்பேற்க முடியாது என்று பள்ளி கைவிரித்தது. அவர் ஓய்வு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, வாயிற்கதவுக் கம்பி வழியாக மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஓடுவார். இரண்டே மாதத்தில் வேலை போயிற்று. நான் அன்றும் வாய் திறக்கவில்லை. கலிபோர்னியாவின் சட்டத்தைப் படித்தபோது அந்தக் கம்பிக் கதவுதான் கண்முன் நின்றது. கொலராடோ மாநிலம் 2018இலேயே பள்ளித் தாதியரும் பணியாளரும் கொடுக்கலாம் என்று வழிவிட்டது. அங்கே இயன்றது கலிபோர்னியாவுக்கு ஏன் இயலவில்லை?

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எண்ணெய் வரவழைத்துவிடாதீர்கள். நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின்படி, 200 கிராம் கஞ்சா கையிலிருந்தாலே கடத்தல்காரர் என்றுதான் கருதுவார்கள்.

ஜோஜோ சட்டத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நண்பரின் மேசையில் வைக்கப்போகிறேன். மாணவர்க்கு மருந்து கொடுப்பது பற்றி நம் பள்ளியில் எழுத்துவடிவில் ஏதும் விதி உண்டா என்று தலைமையாசிரியரிடமும் கேட்கப்போகிறேன்.