படிக்கட்டில் பஸ்!

வீட்டில் ஐம்பதைத் தாண்டிய சித்தப்பா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1994-ல் ‘டூயட்’ பார்த்துவிட்டு வந்து, ஸ்கேலையோ டார்ச் லைட்டையோ வாயில் வைத்துக் கண்களை மூடி ‘சாக்ஸபோன்’ வாசித்திருப்பார். திரையில் வாசித்தது பிரபு. நிஜத்தில் வாசித்தது கத்ரி கோபால்நாத்.

சாக்ஸபோன், அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியத்துக்காரர் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய வாத்தியம். முதலில் ராணுவ பாண்டில் இருந்தது. அப்புறம் அமெரிக்க ஜாஸ்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். உடம்பெல்லாம் பித்தளை. ஆனால் சத்தம் பிறப்பது வாயில் கவ்வும் நாணல் பட்டையில். அந்த வகையில் நம் நாயனத்துச் சீவாளிக்குத் தூரத்துச் சொந்தம்!

போன வருஷம் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணம். ராத்திரிப் பந்தியில் என் பக்கத்து இலை, வயதான நாயனக்காரர். மேடையில் சாக்ஸபோன் செட்டு மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் நாங்க தம்பி. நடுவுல ரிசப்ஷன் அவங்களுக்கு. சம்பளமும் நடுவுலதான் ஜாஸ்தி!”

“கோபமாங்க ஐயா?”

“வாத்தியத்து மேல என்ன கோபம்? நாயனத்துல ஓட்டையை விரலால அரைவாசி மூடலாம், கால்வாசி மூடலாம். அதுல மூடி போட்டிருக்கான். தொறந்தா தொறந்ததுதான், மூடினா மூடினதுதான். அது படிக்கட்டு தம்பி. இது வெள்ளிமலை ரோடு.”

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு பஸ் ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு வளைவு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவாமல் இப்படி இழைந்து போவதுதான் கமகம். அது இல்லாத கர்நாடக சங்கீதம், புளி இல்லாத ரசம்.

‘இந்த மெஷின்ல அந்த வசதி இல்லை சார்’ என்று ஆபீஸில் தினம் ஒருத்தரையாவது திருப்பி அனுப்புகிறோம், இல்லையா? கத்ரியின் மெஷினிலும் அந்த வசதி இல்லை. மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர் அவர். விரல் செய்ய முடியாததை உதட்டையும் மூச்சையும் செய்ய வைத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம். அப்புறம் மெட்ராஸில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம். வாத்தியம் முழுசாக வசப்பட ஏறத்தாழ 20 வருஷம். (நாம் வாங்கிய கிடார் 20 நாளில் பரண் ஏறியது வேறு கதை.)

1980-ல் பம்பாய் ஜாஸ் விழா. கத்ரி வாசித்ததைக் கேட்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, ‘உங்களோடு மேடையில் வாசிக்கலாமா?’ என்று தானே வந்து கேட்டார். ‘டூயட்’ வந்த அதே 1994-ல் லண்டனில் பி.பி.சி.யின் பிராமனேட் கச்சேரி. 2004-ல் பத்மஸ்ரீ. 2008-ல் நியூயார்க் ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ‘கின்ஸ்மென்’ ஆல்பம். சாக்ஸபோன் சகோதரிகள் லாவண்யா, சுப்புலட்சுமி அவரிடம் பாடம் கேட்டவர்கள். 2019 அக்டோபரில் கத்ரி மறைந்தார்.

பந்தியில் அவர் பேரைச் சொன்னதும் பெரியவரின் கை இலையில் நின்றுவிட்டது.

“அவரு நம்ம நாகஸ்வர வித்வான் தனியப்பா பிள்ளையாச்சே! படிக்கட்டுலயே பஸ் ஓட்டிக் காட்டினவரு...”

“அப்ப நீங்க ரூமுக்குப் போய்ப் படுக்கலையா? காலையில முகூர்த்தம் இருக்கே?”

“இருந்து கேட்டுட்டுத்தான் போவேன். இந்தப் பையன் வளைக்கிறானான்னு பார்க்க வேணாமா?”