லைனர் மட்டும் மாத்தினா போதுமா?

எஃப்சி நாள் நெருங்கினால் ஓசூர், கிருஷ்ணகிரி பட்டறைகளில் ஒரு கூத்து நடக்கும். பதினைந்து வயதைத் தாண்டிய டாடா 407 ஒன்று வந்து நிற்கும். கேபினுக்குப் புதுப் பெயிண்ட் உண்டு, பின்னால் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உண்டு. பிரேக் பேச்சு வந்தால் மட்டும் ஓனருக்கு ஒரே வசனம்தான்: "லைனர் மட்டும் மாத்தி விடுப்பா, நாளைக்கு ராயக்கோட்டையில தக்காளி லோடு இருக்கு."

இந்த 'மட்டும்' தான் ஆளைக் கொல்கிறது.

பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அப்போது பெரும்பாலான வேலை முன் சக்கரங்களுக்குத்தான். அந்தச் சக்கரங்களை முன் அச்சோடு பிணைத்திருப்பது கிங் பின். அதன் புஷ் தேய்ந்துவிட்டால் சக்கரம் ஆடும், ஸ்டியரிங் உதறும். ஒழுகும் வீல் சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டுப் புது லைனர் போட்டால், நாலே நாளில் அது பிரேக் ஆயிலில் நனைந்துவிடும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அளவுக்கு மேல் கடைந்த டிரம்மை மறுபடியும் லேத்தில் கொடுப்பதும் சிக்கனம் அல்ல. அது மெலிந்த டிரம், சீக்கிரம் சூடாகி விரிசல் விடும்.

சூடு என்றால் எவ்வளவு சூடு? கிருஷ்ணகிரியை விட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமையோடு 5 டன் வரும் வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சுமார் 60 லிட்டர், அதாவது நாலு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மேலுமலை இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளி டீசல் மிச்சம் பிடிப்பவருக்கு எஞ்சினின் அந்த உதவியும் கிடையாது. மிச்சமெல்லாம் டிரம் தலையில்தான். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரை தட்டும்.

"எஃப்சி ஆகிவிட்டதே" என்பார்கள். 8 வயது கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்சி ஆண்டுக்கு ஒருமுறை. அன்று சோதிக்கப்படுவது காலி வண்டி, குளிர்ந்த பிரேக். மற்ற 364 நாளைக்கு யார் பொறுப்பு?

"முழு வேலைக்குக் காசு எங்கே?" என்பதும் பழைய பாட்டு. கேபின் பெயிண்டுக்குக் காசு இருந்ததே! கிங் பின் செட், வீல் பேரிங், சிலிண்டர் கிட், ஹோஸ், புது ஆயில் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒரே தடவையில் மாற்றினால் சில நாள் வாடகை போகும், உண்மைதான். துண்டு துண்டாகச் செய்தால் அதே சக்கரத்தை நாலு முறை கழற்றி நாலு முறை கூலி கொடுக்க வேண்டும். நாலு நாள் வாடகையும் போகும்.

2011 முதல் தோஸ்த் பிக்கப் வெளிவரும் ஊர் ஓசூர். புது வண்டி செய்யத் தெரிந்த ஊருக்குப் பழைய வண்டியை ஒழுங்காகக் கழற்றி மாட்டத் தெரியாதா? கை இருக்கிறது, லேத் இருக்கிறது. இல்லாதது ஓனரின் மனசுதான்.

விபத்து நடந்தால் 'பிரேக் ஃபெயிலியர்' என்று ஒரு வரி. வழக்கு முதலில் பாய்வது டிரைவர் மீது. 'லைனர் மட்டும்' என்று முடிவெடுத்தவர் அந்த சீட்டில் உட்காருவதே இல்லை. ஒரே ஒரு தடவை அவர் முழு லோடோடு, அதே வண்டியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மேலுமலை இறங்கட்டும். அதற்குப் பிறகு மெக்கானிக்கிடம் பேரம் பேசட்டும்.